கல்லை நட்டவர்களும் கண்டித்தவர்களும்

செங்கம் வட்டாரத்தில் வயலில் நிற்கும் கல்லுக்குப் பழைய மரியாதை ஒன்று உண்டு. ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களைத் துரத்திப் போய், தொறு மீட்டு, அந்தச் சண்டையிலேயே விழுந்தவனுக்குப் பல்லவர் காலத்திலேயே இங்கே கல் நட்டிருக்கிறார்கள். மன்னனின் ஆட்சியாண்டும் வீரனின் பெயரும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். கையில் வில்லோ வாளோ பிடித்தபடி ஓர் உருவம் நிற்கும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் நிற்கும் அந்தக் கற்களுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

2018 ஜூனில் இதே மண்ணில் வேறொரு கல் ஊன்றப்பட்டது. சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கான அளவைக்கல். வருவாய்த் துறையினர் முன்னே நடக்க, போலீஸ் வேன் பின்னே வர, வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவே கயிறு பிடித்து அளந்து கல் நட்டார்கள். பெண்கள் மண்ணில் விழுந்து புரண்டு அழுததைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. பகலில் நட்ட கல்லை இரவில் பிடுங்கிப் போட்டதும் நடந்தது. பின்னாளில் செங்கம் பக்கம் ஒரு பம்புசெட் கொட்டகை வாசலில் அப்படிப் பிடுங்கிய கல் ஒன்றைப் பார்த்தேன். படிக்கல்லாகக் கிடந்தது. மேல் பக்கத்துப் பெயின்ட் கால்பட்டுத் தேய்ந்து, ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு தமிழ்நாட்டின் எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின், முதலமைச்சர் எடப்பாடி கே.பழனிசாமி. ஐந்து ஆண்டு கழித்து, 2023-இல், இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், செய்யாறு அருகே மேல்மாவில், அரசின் சிப்காட் தொழிற்பேட்டைக்காக மறுபடியும் நில எடுப்பு, மறுபடியும் போராட்டம், மறுபடியும் கைது. இம்முறை ஸ்டாலின் முதலமைச்சர். பழனிசாமி எதிர்க்கட்சித் தலைவர். ஒரே மாவட்டம், ஒரே வகை வழக்கு. ஆட்கள் மட்டும் இருக்கை மாறியிருந்தார்கள். அரசியலை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவனுக்கு இவ்வளவு துல்லியமான வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. இவர் அன்று அப்படிச் சொன்னார், இன்று இப்படிச் செய்தார் என்று சுட்டிக்காட்டி முடித்துக்கொள்வது எளிது. எனக்கு வேண்டியது அதுவல்ல. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து ஒருவர் நிலத்தைப் பற்றிப் பேசும்போது எதைப் பேசுகிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்று பார்க்க வேண்டும். நிலம் போகிறவனின் கதி அதில்தான் இருக்கிறது.

திருவண்ணாமலைக்கு எதிர்க்கட்சி புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1957-இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தல் கண்டபோது மக்களவைக்குப் போனவர்கள் இருவரே. நாமக்கல்லிலிருந்து ஈ.வெ.கி.சம்பத், திருவண்ணாமலையிலிருந்து இரா.தர்மலிங்கம். காங்கிரஸ் பெருமரமாக நின்ற காலத்தில் எதிர்க்கட்சிக் குரலை டெல்லிக்கு அனுப்பிய ஊர் இது. எதிர்க்கட்சியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் இங்கே அறுபது ஆண்டுக்கும் மேலாக இருக்கிறது.

முதலில் சாலை. மத்திய அரசின் பாரத்மாலா திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாயில், 277 கிலோமீட்டர் நீளத்தில், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்களைக் கடப்பதாக வரைபடம் இருந்தது. அதிக நீளம் விழுந்தது திருவண்ணாமலை மாவட்டத்தில். செய்யாறு பக்கம் நுழைந்து செங்கம் வழியாக வெளியேறும் கோடு அது. பயண தூரம் அறுபது கிலோமீட்டர் அளவுக்குக் குறையும், நேரமும் டீசலும் மிச்சம், தொழில் பெருகும் என்பது அரசின் வாதம். முதலமைச்சர் பழனிசாமி நெடுஞ்சாலைத் துறையையும் தம்மிடமே வைத்திருந்தார். சாலை போய் முடிவது அவருடைய சேலம் மாவட்டத்தில். சட்டமன்றத்தில் அவரே எழுந்து திட்டத்தை விரிவாக விளக்கினார். உளுந்தூர்பேட்டை வழியாக ஒன்று, கிருஷ்ணகிரி வழியாக ஒன்று என்று சேலத்துக்கு ஏற்கெனவே இரண்டு பெருஞ்சாலைகள் இருக்கும்போது மூன்றாவது எதற்கு, இருப்பதை அகலப்படுத்தக் கூடாதா என்று விவசாயிகள் கேட்டார்கள்.

காலத்தையும் மறக்கக் கூடாது. 2018 மே 22-இல்தான் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து பதின்மூன்று பேர் செத்திருந்தார்கள். அதன் ஈரம் காயும் முன்பே இங்கே கல் நட வந்தார்கள். ஊர்க் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து பேசினாலே போலீஸ் வந்து நிற்கும் நிலை. பாதிக்கப்பட்ட விவசாயிகளைப் பார்க்கச் செங்கத்துக்கு வந்த ஸ்வராஜ் இந்தியா கட்சித் தலைவர் யோகேந்திர யாதவையே செப்டம்பர் 8-ஆம் தேதி போலீஸார் பிடித்து வைத்தார்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சித் தலைவராக ஸ்டாலின் எடுத்த நிலையை நிதானமாகப் படிக்க வேண்டும். கைதுகளைக் கண்டித்தார். மக்களை மிரட்டி நிலம் எடுக்கக் கூடாது என்றார். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தபோது வரவேற்றார். ஆனால் சாலையே கூடாது என்பது சட்டமன்றத்தில் அவர் வைத்த வாதமல்ல. பாதிக்கப்படுகிறவர்களை அழைத்துப் பேசுங்கள், மாற்று வழி இருக்கிறதா பாருங்கள் என்ற அளவில்தான் அது நின்றது. போராட்டத்தின் சூட்டில் இருந்த ஊர்க்காரர்களின் காதில் இது வேறு மாதிரி விழுந்தது. தி.மு.க. வந்தால் ரோடு வராது என்றுதான் கொல்லைமேட்டில் பேசிக்கொண்டார்கள். தலைவர் பேசியது ஒன்று, மேடையில் அவருடைய கட்சிக்காரர்கள் பேசியது இன்னொன்று, கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது மூன்றாவது. இந்த இடைவெளியைச் சரிசெய்யும் அவசரம் எந்த எதிர்க்கட்சிக்கும் வருவதில்லை. அது வாக்காக மாறுகிற இடைவெளி.

இனி மேல்மா. செய்யாறு சிப்காட்டின் மூன்றாவது அலகுக்கு 3,174 ஏக்கர். மேல்மா, குரும்பூர், நெடுங்கல், அத்தி உள்ளிட்ட ஊர்களின் நிலம். முதல் இரண்டு அலகுகளில் வந்த காலணித் தொழிற்சாலைகளுக்கு இந்தப் பக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேனில் வேலைக்குப் போய் வருகிறார்கள். ஆகவே தொழிற்பேட்டை என்றால் என்ன என்று தெரியாத ஊர்கள் அல்ல இவை. அதன் வருமானத்தையும் பார்த்தவர்கள், அதற்காகப் போன நிலத்தையும் பார்த்தவர்கள். மூன்றாவது முறை கேட்டபோது, நெல்லும் கரும்பும் விளைகிற பூமியைத் தர முடியாது என்று 2023 ஜூலை 2-ஆம் தேதி மேல்மா கூட்டுச்சாலையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நூறு நாள் தாண்டியும் கலையவில்லை. நவம்பர் 4-ஆம் தேதி கைது தொடங்கியது. இருபது பேரைப் பிடித்தார்கள். அவர்களில் ஏழு பேர் மீது நவம்பர் நடுவில் குண்டர் சட்டம் போடப்பட்டது.

எதிர்க்கட்சித் தலைவர் பழனிசாமி உடனே கண்டன அறிக்கை விட்டார். நிலத்துக்காகப் போராடுகிறவர்கள் மீது குண்டர் சட்டமா என்று கேட்டார். வழக்கைத் திரும்பப் பெறச் சொன்னார். பா.ம.க. தலைவர் அன்புமணி, நாம் தமிழர் கட்சியின் சீமான், பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை எல்லாரும் பேசினார்கள். ஆளுங்கட்சியின் கூட்டணியிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. சில நாட்களில் அரசு இறங்கி வந்தது. குடும்பத்தார் அமைச்சர் எ.வ.வேலுவிடம் மனு கொடுத்ததாகவும், அதை ஏற்று ஆறு பேர் மீதான குண்டர் சட்ட ஆணையை முதலமைச்சர் ரத்து செய்ததாகவும் அறிவிப்பு வந்தது. ஏழாமவர் வெளியூர்க்காரர், தூண்டிவிட்டவர் என்று அரசு சொன்னது. அவருக்கு அப்போது அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

'தூண்டிவிட்டவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2018-இல் சாலையை எதிர்த்தவர்களைப் பற்றியும் ஆளுந்தரப்பு இதையேதான் சொன்னது: நிலம் கொடுக்கப் பெரும்பாலோர் தயார், சிலர் தூண்டிவிடுகிறார்கள் என்று. ஐந்து ஆண்டில் முதலமைச்சர் மாறினார், கொடி மாறியது. கோப்பில் இருந்த சொல் மாறவில்லை. தன் கிணற்றையும் தென்னையையும் இழக்கப்போகிறவனுக்குக் கோபம் வர வெளியூரிலிருந்து ஓர் ஆள் வர வேண்டுமா? முப்பது அடி நாற்பது அடி வெட்டி, கடன் வாங்கிக் கல் கட்டிய கிணறு அது. வரைபடத்தில் அது ஒரு புள்ளிகூட அல்ல. அரசில் இருக்கும்போது வரைபடம் தெரிகிறது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கிணறு தெரிகிறது. இரண்டு தலைவர்களுக்குமே இது பொருந்துகிறது என்பதுதான் என் முதல் கணிப்பு.

குண்டர் சட்டத்திலும் அப்படித்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த அந்தச் சட்டம் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களையும் ரவுடிகளையும் விசாரணையின்றி ஓராண்டு வரை உள்ளே வைக்க வழி செய்தது. 2017-இல் துண்டறிக்கை கொடுத்த மாணவி வளர்மதி மீதும், மெரினாவில் ஈழத் தமிழருக்கு நினைவேந்தல் நடத்தச் சென்ற திருமுருகன் காந்தி மீதும் பழனிசாமி அரசு அதைப் பயன்படுத்தியது. அந்தச் செப்டம்பரிலேயே உயர் நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. அன்று கண்டித்தது தி.மு.க.; 2023-இல் கண்டித்தது அ.தி.மு.க. கண்டனங்கள் இரண்டும் நியாயமானவையே. 2021-இல் ஆட்சிக்கு வந்ததும் ஸ்டாலின் எட்டு வழிச்சாலைப் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளையும் சேர்த்து 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எதிர்க்கட்சியாகப் பேசியதை ஆட்சியில் செய்து காட்டிய இடம் அது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் வழக்கைத் திரும்பப் பெறலாம். வழக்கைப் பிறப்பித்த சட்டம் அப்படியே இருந்தால் அடுத்த பந்தலுக்கு அது காத்திருக்கும். மேல்மாவில் காத்திருந்தது.

நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் நிலச் சட்டம். இதைப் பற்றிப் பொதுக்கூட்ட மேடையில் யாரும் பேசுவதில்லை, கைதட்டல் வராது. ஆனால் கல் நடுகிற அதிகாரம் இங்கிருந்துதான் வருகிறது.

1894-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட நில எடுப்புச் சட்டத்தை நீக்கிவிட்டு 2013-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். கிராமத்தில் பொது விசாரணை வைக்க வேண்டும். தனியார் திட்டமென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70 விழுக்காட்டினரும் சம்மதிக்க வேண்டும். பாசன வசதியுள்ள, இரண்டு மூன்று போகம் விளைகிற நிலத்தைக் கடைசி வழியாகத்தான் தொட வேண்டும். எழுத்தில் பார்த்தால் ஒரு விவசாயி கேட்பது ஏறத்தாழ எல்லாமே இதில் இருக்கிறது.

அதே சட்டத்தின் 105-ஆவது பிரிவு பின்கதவைத் திறந்து வைத்தது. பதின்மூன்று மத்தியச் சட்டங்களின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு இந்த நடைமுறைகள் பொருந்தாது என்றது. 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் அவற்றில் ஒன்று. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் பின்னர் புதிய சட்டப்படி என்றானது. எட்டு வழிச்சாலைக்கு வந்தவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். அறிவிப்பு வந்த இருபத்தொரு நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான் உரிமை. மதிப்பீடும் கிடையாது, கிராமத்தில் விசாரணையும் கிடையாது.

தமிழ்நாடு தன் பங்குக்கு இன்னொரு கதவு வைத்தது. 105-அ என்ற பிரிவைச் சேர்த்து, மாநிலத்தின் மூன்று சட்டங்களையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கியது. அவற்றில் ஒன்று தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 1997. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது இதன் வழியாகத்தான். இப்போது ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1997-ஆம் ஆண்டுச் சட்டம் தி.மு.க. ஆட்சியில் பிறந்தது. அதற்கு விலக்கு அளித்த 105-அ பிரிவு 2015 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது, அப்போது அ.தி.மு.க. ஆட்சி. 2019 ஜூலை 3-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. புதிய மத்தியச் சட்டத்தின் முன் அந்த மாநிலச் சட்டங்கள் உயிரிழந்துவிட்டன என்பது தீர்ப்பின் சாரம். பதினைந்து இருபது நாளுக்குள் பழனிசாமி அரசு சட்டமன்றத்தில் 'மீண்டும் செயல்படுத்தும்' சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, செத்ததை முன்தேதியிட்டு எழுப்பியது. 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆட்சி மாறி ஏழு வாரம் ஆகியிருந்தது. எழுந்து உட்கார்ந்த அந்தச் சட்டம் புதிய அரசின் கையில் கிடைத்தது. 2023-இல் மேல்மாவுக்கு நோட்டீஸ் போனது.

ஆகவே மேல்மா விவசாயிக்கு வந்த நோட்டீஸில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. சட்டத்தை எழுதியது ஒரு கட்சி, இறந்ததை உயிர்ப்பித்தது இன்னொரு கட்சி. எதிர்க்கட்சித் தலைவராகப் பழனிசாமி மேல்மா கைதைக் கண்டித்தபோது, அந்த நிலத்தைக் கேட்கும் அதிகாரத்துக்குத் தம் அரசே நான்கு ஆண்டுக்கு முன் உயிர் கொடுத்ததைச் சேர்த்துச் சொல்லியிருந்தால், நான் வந்தால் 105-அ பிரிவை நீக்குவேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த அறிக்கையின் எடை வேறு. ஸ்டாலினுக்கும் இதே கேள்வி உண்டு. மக்களை அழைத்துப் பேசுங்கள் என்று 2018-இல் அவர் கேட்டது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளடக்கமேதான். அதைத் தமிழ்நாட்டில் முழுதாக நடைமுறைப்படுத்தும் வாய்ப்பு 2021-இல் அவர் கைக்கு வந்தது. அந்தக் கதவை அவர் சாத்தவில்லை. மாறாக, 2023 ஏப்ரலில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு ஏரி, ஓடை உள்ள நிலத்தையும் சேர்த்துக்கொள்ள வழி செய்யும் சட்டம். ஏரியை நம்பி உழுகிற மாவட்டத்தில் அதை வாசித்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

தேசியப் பிரச்சினை என்று வரும்போது இருவருக்கும் உள்ள வேறுபாடு இன்னும் தெளிவாகும். 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களை முதலமைச்சர் பழனிசாமி, நானும் விவசாயி என்று சொல்லியே ஆதரித்தார். ஸ்டாலின் வீதியில் இறங்கி எதிர்த்தார். 2021 ஆகஸ்டில் அவற்றுக்கு எதிராகச் சட்டமன்றத் தீர்மானமும் கொண்டுவந்தார். அந்த நவம்பரில் மத்திய அரசே பின்வாங்கியது. இதில் ஸ்டாலின் எதிர்க்கட்சியிலும் ஆட்சியிலும் ஒரே நிலையில் நின்றார். என் கணக்கில் அது பெரிய விஷயம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிரில் டெல்லி இருந்தபோது நிலை உறுதியாக இருந்தது. எட்டு வழிச்சாலையிலும் டெல்லியின் சாலை என்பதால் எதிர்ப்பு எளிதாக இருந்தது. மேல்மாவில் எதிரில் நின்றது தன் அரசின் தொழில் துறையே. சோதனை அங்கேதான் வந்தது. பழனிசாமிக்கு நேர்மாறு: டெல்லியோடு கூட்டணி இருந்தவரை சாலை வளர்ச்சி, மேல்மாவில் டெல்லி இல்லை, ஆகவே நாக்கு தடையின்றிப் புரண்டது.

இந்த ஒப்பீட்டில் ஒரே ஆளாக இரண்டு பக்கமும் நிற்கிறவர் திருவண்ணாமலைத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன எ.வ.வேலு. 2011-இல் இந்தத் தொகுதியின் உறுப்பினரானவர். சாலைப் போராட்டத்தின்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார்; 2021-இல் நெடுஞ்சாலைத் துறை அமைச்சரானார். 2022 ஆகஸ்டில் நிருபர்கள் எட்டு வழிச்சாலை பற்றிக் கேட்டபோது, தி.மு.க. அந்தத் திட்டத்துக்கு எதிரி அல்ல, விவசாயிகளை அழைத்துப் பேசி மாற்று வழி பாருங்கள் என்றுதான் அன்று சொன்னோம் என்ற பொருளில் பதில் சொன்னார். சட்டமன்றக் குறிப்பைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் கல்லைப் பிடுங்கியவர்கள் சட்டமன்றக் குறிப்பை வாசித்துவிட்டு வாக்களிக்கவில்லை. பதவி வந்த பிறகு சொன்ன அந்தத் தெளிவை, பதவி வருவதற்கு முன்பே செங்கத்திலும் போளூரிலும் மைக் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லியிருந்தால் கூட்டத்தில் சிலர் எழுந்து போயிருப்பார்கள். மீதி இருந்தவர்கள் அவரை நம்பியிருப்பார்கள்.

அறிக்கை விடுவதற்கும் வழக்குப் போடுவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை அன்புமணியின் கதை காட்டுகிறது. 2018-இல் தருமபுரி மக்களவை உறுப்பினராக இருந்த அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். விவசாயிகளும் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் போட்ட வழக்குகளோடு சேர்த்து விசாரிக்கப்பட்டு, 2019 ஏப்ரல் 8-இல் தீர்ப்பு வந்தது: நில எடுப்பு அறிவிப்பு ரத்து. வாக்குப்பதிவுக்குப் பத்து நாளே இருந்தது. அதற்குள் அவர் கட்சி, சாலையைக் கொண்டுவந்த அ.தி.மு.க.வுடன் கூட்டணி சேர்ந்திருந்தது. வழக்கில் வென்றவர் தருமபுரியில் தோற்றார். ஊர்க்காரர்களுக்குக் கூட்டணி கசந்தது உண்மை. ஆனாலும் அந்த மனு விவசாயிக்கு உண்மையான ஓர் ஆண்டை, இன்னும் அதிகமாகவே, வாங்கிக் கொடுத்தது. நூறு கண்டன அறிக்கைகளால் ஆகாத வேலை அது. மார்க்சிஸ்ட் கட்சியையும் இங்கே சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் திருவண்ணாமலையிலிருந்து சேலத்துக்கு நடைபயணம் கிளம்பிக் கைதானவர்கள், 2023-இல் தி.மு.க. கூட்டணியில் இருந்துகொண்டே மேல்மா விவசாயிகளை விடுதலை செய்யச் சொன்னார்கள். இருக்கை மாறினாலும் குரல் மாறவில்லை என்று இந்த மாவட்டத்தில் காட்டக்கூடிய உதாரணங்களில் அது ஒன்று.

அந்த ஏப்ரல் தீர்ப்பில் ஒரு பகுதியை நான் மறப்பதில்லை. நிலம் முறைப்படி கையகப்படுத்தப்படும் முன்பே வருவாய் ஆவணங்களில் மாற்றம் செய்துவிட்டிருந்தார்கள். உட்பிரிவு செய்து, சாலைக்கென்று பெயர் மாற்றி எழுதிவிட்டார்கள். அப்பா பெயரில், தாத்தா பெயரில் இருந்த பட்டாவைப் பார்க்கப் போனவனுக்கு அந்த எண்ணில் தன் பெயர் இல்லை. நிலத்தில் அவன் இன்னும் உழுதுகொண்டிருந்தான். ஏட்டில் அவன் ஏற்கெனவே வெளியேறிவிட்டான். நீதிமன்றம் அந்தப் பதிவுகளைப் பழையபடி உரியவர் பெயருக்கே மாற்றச் சொன்னது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அதிகாரத்தை நிலைநிறுத்தியபோதும், இந்த ஒரு பகுதியில் விவசாயியின் பக்கமே நின்றது.

எதிர்க்கட்சியில் இருந்த இரண்டு தலைவர்களும் தடியடியைக் கண்டித்தார்கள், கைதைக் கண்டித்தார்கள், குண்டர் சட்டத்தைக் கண்டித்தார்கள். தாலுகா அலுவலகத்தில் சத்தமில்லாமல் ஒரு பெயர் அடித்து எழுதப்பட்டது. அதற்கு வண்டி ஏறி வந்து நின்றவர் எவருமில்லை. செய்யாறு பக்கத்தில் இப்போது ஏதாவது அறிவிப்பு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே, சிட்டாவையும் 'அ' பதிவேட்டு நகலையும் முன்கூட்டியே எடுத்து, தேதி போட்ட முத்திரையோடு பீரோவில் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை ஓர் எதிர்க்கட்சித் தலைவர் திருவண்ணாமலையில் மேடை ஏறும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர்களில் ஒருவர் எழுந்து 105-அ பிரிவைப் பற்றிக் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் கேட்க வேண்டும், தேதியோடு.